தூண்டிற்கோல்களை முறியாமல் அனுப்பும் முறை

மூங்கில் வேலை செய்யும் குடும்பங்கள் கூடை, முறம், தட்டி ஆகியவற்றோடு நின்றுவிடாது தூண்டிற்கோல் போன்ற பொருள்களையும் செய்து விற்க முற்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது. கைபேசி வாயிலாக வெளியூர்க்காரர் கேட்கின்றனர். பணமும் முன்னதாகவே வந்துவிடுகிறது. ஆயினும் பொருள் செய்வதில் காட்டும் கருத்தில் பாதியையேனும் அதனைக் கட்டி அனுப்புவதில் நம்மவர் காட்டுவதில்லை. 600 ரூபாய் விலையுள்ள ஒரு கோலில் 150 ரூபாய் மிஞ்சுவதாகவும், அனுப்புக் கூலியாக 120 ரூபாயைத் தனியே பெறுவதாகவும் கொள்வோம். கோல் வழியில் முறிந்து, இரு தொகைகளையும் திருப்பித் தர நேர்ந்தால் செய்தவருக்கு நட்டம் 570 ரூபாய். ஏறத்தாழ நான்கு கோல்களின் ஊதியம் அந்த ஒரு முறிவில் கரைந்துவிடும். குழுவாகச் சேர்ந்து கடன் பெற்றுத் தொழில் நடத்தும் மகளிருக்கு இது சிறு தொகையன்று.

கோல் எவ்வாறு முறிகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பொதியின் நடுவில் பாரம் ஏறி ஒடிவதே மிகுதி என்று பலரும் எண்ணுகின்றனர். அதுவும் உண்டு; ஆனால் நீண்ட பொதியை வண்டியிலிருந்து இறக்குவோர் அதனைச் செங்குத்தாகத் தரையில் போடுவதே பெருங்கேடு விளைப்பது. அப்பொழுது உள்ளிருக்கும் கோல் ஈட்டிபோற் பாய்ந்து, குழாயின் மூடியைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். அல்லது மெல்லிய நுனி மூடியில் மோதி நொறுங்கும். கோலின் நுனி எழுதுகோலின் பருமன்கூட இல்லாதது என்பதை நினைவிற் கொள்க.

கோலின் இயல்பும் அறியத்தக்கது. கல் மூங்கில் உள்ளீடு மிகுந்தது. ஆகையால் எளிதில் நசுங்காது. ஆனால் ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். வளைந்த நிலையிலேயே பல நாள் கிடந்தால் அவ்வளைவு நிலைத்துவிடும். கண்ணாடியிழைக் கோல் ஓரளவு அடி தாங்கும். கரியிழைக் கோலோ வளைவதற்கு வலிமையுடையதாயினும் பக்கவாட்டில் விழும் அடியைப் பொறுக்காது. அடிபட்ட இடம் கண்ணுக்குத் தெரியாமலே இருந்து, பெரிய மீன் இழுக்கும்போது முறியும். கடற்கரையூர்களில் கடைகளிலிருந்து இத்தகைய கோல்களை வாங்கி மறுவிற்பனை செய்யும் இளைஞர்கள் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

மூங்கிற் கோலை நன்கு உலர்த்தி, மெருகு முற்றும் காய்ந்த பின்னரே கட்ட வேண்டும். அவசரத்தில் ஒட்டும் மெருகோடு கட்டினால் சுற்றிய தாள் அதனோடு ஒட்டிக்கொள்ளும். தூண்டில் முள், ஈயக்குண்டு, நரம்புச் சுருள் ஆகியவற்றை ஒருபோதும் கோலோடு ஒரே குழாயில் இடலாகாது. அவற்றைத் தனிப் பெட்டியில், முள்ளின் கூர் தக்கையில் பதியுமாறு வைத்து அனுப்புக.

பித்தளைப் பூணிட்டு இரு துண்டாகக் கழற்றக்கூடிய கோலாயின், ஒன்றின் அடியும் மற்றதன் நுனியும் ஒருபுறம் வருமாறு எதிரெதிராக அடுக்க வேண்டும். அப்பொழுது பருத்த அடிப்பகுதி மெல்லிய நுனிக்குத் துணை நிற்கும். நுனி, அடியைவிட இரண்டு விரற்கடை உள்ளடங்கியிருத்தல் நன்று. மோதல் நேர்ந்தாலும் அடியே தாங்கும். நரம்பு செல்லும் வளையங்கள் அடுத்த துண்டின்மேல் அழுந்தாதவாறு வெளிப்புறம் திருப்பி, ஒவ்வொன்றின் மீதும் பழந்துணி சுற்றுக. பின்னர் மூன்று நான்கு இடங்களில் துணி நாடாவால் கட்டுக. ரப்பர் வளையம் கூடாது. வெயிலில் இளகி மெருகைக் கெடுத்துவிடும். ஒட்டு நாடாவை நேரே கோலில் ஒட்டுவதும் தவறு.

உறைக்கு 63 அல்லது 75 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய் போதுமானது. இதனைவிடச் சிக்கனமான வழியும் உண்டு. துணிக்கடைகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் துணி சுற்றிவரும் தடித்த அட்டைக் குழல்களைக் கேட்டுப் பெறலாம். அவை வியக்கத்தக்க உறுதியுடையவை. மழை ஒன்றே அவற்றுக்குப் பகை. ஆகவே உள்ளே கோலுக்கும் வெளியே குழலுக்கும் பாலிதீன் உறை இடுக. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதில் சோம்பல் கூடாது. குழாயின் இரு முனைகளிலும் உட்புறம் ஒரு மரவில்லையும், அதன்மேல் நான்கு விரற்கடை அளவுக்குத் துணியோ பஞ்சோ வைத்து அழுத்துக. மூடியைத் துளைக்கும் கோலைத் தடுப்பது இவ்வில்லையே. பின் குழாயைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்க வேண்டும். சிறு ஒலி கேட்டாலும் பிரித்து மீண்டும் அடைக்க வேண்டியதுதான்.

உருண்டை வடிவுக்கு ஒரு குறையுண்டு: வண்டியில் உருண்டோடும். குழாயின் நீளத்துக்கு இரண்டு மூங்கிற் பிளாச்சுகளை வைத்துக் கட்டி, மேலே சாக்குச் சுற்றிக் கோணியூசியால் தைத்துவிட்டால் உருளாது. பிளாச்சு பாரத்தையும் தாங்கும்.

இனிக் கூலியைப் பற்றி. தனியார் கூரியர் நிறுவனங்கள் பல, எடையை மட்டும் பார்ப்பதில்லை; நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து வரும் எண்ணையும் எடையாகக் கொண்டு, இரண்டில் மிகுதியானதற்குக் கட்டணம் கேட்கின்றன. 190 செ.மீ. நீளமும் 8 செ.மீ. குறுக்களவும் உள்ள பொதிக்கு இக்கணக்கு 2.43 கிலோ. உண்மையில் அது ஒரு கிலோவே இருந்தாலும் கணக்கு அதுதான். அதே கோலைப் பூணிட்டு இரு துண்டாக்கி 100 செ.மீ. பொதியாக அனுப்பினால் 1.28 கிலோ ஆகிறது. ஆகையால் ஒரே துண்டான நீண்ட கோலைச் செய்துவிட்டுப் பின்னர்க் கூலிக்கு அஞ்சுவதைவிட, செய்யும்போதே பூண் வைப்பது அறிவுடைமை. அஞ்சலகத்திலும் பேருந்துப் பொதி அலுவலகத்திலும் நீளத்திற்கு வரம்புண்டு. குழாயை அறுப்பதற்கு முன்னரே அதனைக் கேட்டறிக.

முகவரியை நீரில் கரையாத மையால் குழாயின் மேல் எழுதுவதோடு, ஒரு படியை உள்ளேயும் இடுக. 1972 ஆகஸ்டு 15 முதல் வழக்கிலுள்ள ஆறிலக்க அஞ்சற் குறியீட்டு எண்ணில் ஓர் இலக்கம் பிழைத்தாலும் பொதி வேறு மாவட்டம் சென்று அலையும்.

1930 ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 39 ஆம் பிரிவின்படி, வாங்குவோருக்கு அனுப்புவதற்காகப் பொருளைச் சுமப்பவரிடம் ஒப்படைத்தாலே அது வாங்குவோரிடம் ஒப்படைத்ததாக முதற்கண் கருதப்படும். இதைக் காட்டி முறிந்த கோலுக்குப் பொறுப்பில்லையெனச் சிலர் வாதிடுவதுண்டு. ஆனால் அதே பிரிவு, பொருளின் தன்மைக்கேற்ற தக்க ஏற்பாட்டைச் சுமப்பவரோடு செய்யும் கடமையையும் விற்பவர்மீது வைக்கிறது. அன்றியும் சட்டத்தால் வென்ற வாடிக்கையாளர் மறுமுறை வாங்குவதில்லை. எனவே கட்டுமுன் கோலையும், கட்டியபின் பொதியையும் படம் எடுத்து வைத்து, விலை மிகுந்தவற்றைக் காப்பீடு செய்து அனுப்புக. பொதியைப் பிரிக்கும்போது படம் எடுக்குமாறும், கத்தியைக் குழாயின் நெடுக்கில் ஓட்டாமல் முனை மூடியை மட்டும் திறக்குமாறும் வாங்குவோருக்கு இரண்டு வரி எழுதி வைத்தல் நலம்; வழியெல்லாம் தப்பி வந்த கோல் வீட்டு வாசலில் வெட்டுப்படுவதும் உண்டு.