ஒரு தங்கம், நாலு வருடத் தடை

ஆர்.கே.பேட்டை பக்கம் விடியற்காலையில் ஓடிப் பழகும் நண்பர்களே, இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

2019 ஏப்ரலில் தோஹாவில் ஆசிய தடகளப் போட்டி. திருச்சி அருகே முடிகண்டம் கிராமத்துக் கோமதி மாரிமுத்து 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். தமிழ்நாடே கொண்டாடுச்சு. அடுத்த மாதமே தற்காலிகத் தடை. காரணம், அவரது சிறுநீர் மாதிரியில் நாண்ட்ரோலோன் ஸ்டீராய்டின் தடயம். தெரிந்து எடுக்கவில்லை என்று அவர் மறுத்தார். ஆனாலும் 2023 மே வரை நான்கு ஆண்டுத் தடை; தங்கம் சீனாவின் வாங் சுன்யுவுக்குப் போனது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? மாதிரியை ஏ, பி என்று ரெண்டு பாட்டிலில் பிரிப்பாங்க. ஏ-வில் சிக்கினால் பி-யைச் சோதிக்கக் கேட்கலாம். அதிலும் இருந்தால் குற்றம் உறுதி. வேண்டுமென்றே எடுத்தாரா என்பதை அமைப்பு நிரூபிக்க வேண்டியதில்லை. ஸ்டீராய்டு விஷயத்தில், வேண்டுமென்று எடுக்கவில்லை என்பதை வீரர்தான் நிரூபிக்கணும். அப்போதுதான் தண்டனை குறையும். "எனக்குத் தெரியாது" என்பது மட்டும் போதாது.

அதனால் ஜிம்மில் யாரோ நீட்டும் பவுடரை வாங்காதீங்க. ஊசி, மாத்திரை எதுவானாலும், "நான் போட்டியில் ஓடுறேன்" என்று டாக்டரிடம் முதலில் சொல்லுங்க. மருந்துச் சீட்டையும் பில்லையும் பத்திரமா வையுங்க. தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் மருந்தின் பெயரைத் தேடிப் பாருங்க.

வருஷக்கணக்கில் ஓடிச் சேர்த்த பேர், ஒரு மாத்திரையில் போயிடக் கூடாது.