பொத்தான் வேலை செய்யவில்லையா? நம் கம்ப்யூட்டரையே முதலில் பாருங்கள்!



20-ஆம் தேதி மாலை. மாட்டுத்தாவணியில் லோடு இறக்கிவிட்டு, ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் செய்ய அமர்ந்தேன். இணையதளம் அரைகுறையாக வந்தது. உள்ளே நுழைய முடியவில்லை. "சர்வர் கோளாறு" என்று விட்டுவிட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய வந்தவர் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்! நாளொன்றுக்கு மத்திய வரிக்கு 25, மாநில வரிக்கு 25 என 50 ரூபாய் தாமதக் கட்டணம். மூன்று நாளுக்கு 150 ரூபாய். கட்டவேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு.

ஜாவாஸ்கிரிப்ட் என்பது என்ன? 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் உருவாக்கிய கணினி மொழி. பக்கத்தில் தெரியும் எழுத்தும் படமும் கடையில் அடுக்கிய சரக்கு என்றால், இது எடுத்துக் கொடுக்கும் ஆள். ஆள் இல்லாவிட்டால் சரக்கு இருந்தும் வியாபாரம் நடக்காது.

குரோமில் சரிசெய்யும் முறை:

1. வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, 'செட்டிங்ஸ்' செல்லவும்.
2. 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதில் 'சைட் செட்டிங்ஸ்' திறக்கவும்.
3. கீழே 'ஜாவாஸ்கிரிப்ட்' என்பதைத் திறந்து, தளங்கள் அதைப் பயன்படுத்தலாம் என்ற முதல் வரியைத் தேர்வு செய்யவும்.
4. தளத்திற்குத் திரும்பி எஃப்-5 விசையை அழுத்தவும்.

எட்ஜ் வைத்திருப்போர், செட்டிங்ஸ் பக்கத்தில் உள்ள தேடும் கட்டத்தில் 'ஜாவாஸ்கிரிப்ட்' என ஆங்கிலத்தில் தட்டினால் அந்த இடம் வந்துவிடும்.

எல்லாத் தளத்திற்கும் அனுமதி தர அஞ்சுவோர், அதே பக்கத்தில் அனுமதிக்கப்பட்ட தளங்களின் பட்டியலில் ஜி.எஸ்.டி., ஈ-வே பில், தங்கள் வங்கி ஆகியவற்றை மட்டும் சேர்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை! இதற்கென்று எந்த மென்பொருளையும் இறக்கத் தேவையில்லை. "சரிசெய்து தருகிறேன்" என்று போனில் வருபவரிடம் கம்ப்யூட்டரை ஒப்படைக்காதீர்கள், ஓ.டி.பி.யும் சொல்லாதீர்கள்.

தராசு சரியாக நிற்கிறதா என்று தினமும் பார்க்கிறோம். மாதம் ஒருமுறை, 20-ஆம் தேதிக்கு முன்பே, இதையும் பார்த்துக்கொள்வோம். கடைசி நாள் வரை காத்திருப்பது வியாபாரிக்கு அழகல்ல.

வாழ்க வணிகம்!