அன்றைக்குச் சமைத்தது யார்?

தன்வரலாற்றுப் புத்தகம் எதைக் கையில் எடுத்தாலும் எனக்கு ஒரு கேள்விதான் முதலில் வரும்: இந்த வீட்டில் உலை வைத்தது யார்? எழுதியவர் எவ்வளவு பெரிய ஆளாகவும் இருக்கட்டும். முதல் முப்பது பக்கத்துக்குள் ஒரு தடவையாவது அடுப்படி கண்ணில் படவில்லை என்றால் எனக்கு அதில் பிடிப்பு வராது. சிறை சென்றது, மேடை ஏறியது, விருது வாங்கியது எல்லாம் சரி. சிறையிலிருந்து திரும்பிய அன்று ராத்திரி அவருக்குச் சோறு போட்டது யார் என்று தெரிந்தால்தான் அந்த வீடு எனக்கு வீடாகத் தெரியும்.

பிள்ளைகள் பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவள் நான். படிக்க நேரம் கிடைக்கிறதா என்று பலர் கேட்பார்கள். நேரம் கிடைக்கிறது, ஒரே துண்டாகத்தான் கிடைப்பதில்லை. அதனாலேயே நாவல் எனக்குத் தோதுப்படுவதில்லை. கதையின் முடிச்சு அவிழ்கிற இடத்துக்கு வரும்போதுதான் சின்னவன் பாத்ரூமிலிருந்து "அம்மா, முடிஞ்சுட்டு!" என்று கூப்பிடுவான். திரும்பி வந்தால் யார் யாருக்கு மைத்துனன் என்பதே மறந்துபோயிருக்கும். ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே சொல்கிற புத்தகத்தில் அந்தச் சிக்கல் இல்லை. விட்ட இடத்தை நாலு நாள் கழித்துத் தொட்டாலும் சொல்கிற ஆள் அங்கேயேதான் இருப்பார்.

என்னைப் போன்றவர்களுக்கு நான் முதலில் சொல்வது, தொடராக வந்த புத்தகங்களைத் தேடி எடுங்கள் என்பது. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940இல் தொடங்கி ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. 122 அத்தியாயங்கள் எழுதியிருந்தபோது, 1942 ஏப்ரலில் அவர் காலமானார். சரித்திரம் பாதியிலேயே நின்றது. வாரப் பத்திரிகைக்கு எழுதியதால் ஒவ்வொரு அத்தியாயமும் அளவாக இருக்கும். தெருமுனையில் ஸ்கூல் வேனுக்குக் காத்து நிற்கிற நேரம் ஒன்றுக்குச் சரியாகப் போதும். புத்தகத்தின் பருமனைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். மதுரைத் திட்டத்தின் இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, செல்போனில் படிக்கலாம்.

பையனுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்க ஆள் தேடி ஐயருடைய அப்பா குடும்பத்தை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போகிறார். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம். படிப்புக்காக இப்படி அலைந்த அப்பாவைப் பற்றி எல்லோரும் வியந்து பேசுவார்கள், நானும் வியந்தேன். அம்மாவைப் பற்றியும் ஐயர் அன்பாகவே எழுதுகிறார். ஊர்க்காரர்கள் நெல்லும் தானியமும் கொடுத்து ஆதரித்தார்கள் என்பது வரை கணக்காகச் சொல்கிறார். ஆனால் ஒவ்வொரு தடவையும் பானை சட்டியைக் கட்டி, புது ஊரில் பழக்கமில்லாத அடுப்பை மூட்டிப் புகையோடு மல்லுக்கட்டியவர் மனதில் என்ன ஓடியது என்பதை நானாகத்தான் நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வாடகை வீடு மாறிப் பார்த்தவர்களுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை.

அந்த மனதை அந்த அம்மாவே எழுதியிருந்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணத்தில் போய் நின்றதுதான் ராஸசுந்தரி தேவியின் 'அமார் ஜீபன்'. வங்காள மொழியில் ஒரு பெண் எழுதிய முதல் தன்வரலாறு, பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வரலாற்றாசிரியர் தனிகா சர்க்கார் ஆங்கிலத்தில் தந்திருப்பதைத்தான் நான் மெதுவாக, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். இந்த வருடம் நான் படித்ததில் ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

இன்றைய பங்களாதேஷில் இருக்கும் பாப்னா பக்கத்துப் பெண். 12 வயதில் கல்யாணம். 18 வயதில் முதல் பிரசவம், 41இல் கடைசிப் பிரசவம். மொத்தம் 12 பிள்ளைகள், அவர்களில் பலரைப் பறிகொடுத்தார். படிக்கிற பெண் விதவையாவாள் என்று ஊர் நம்பிய காலம். அவருக்கோ 'சைதன்ய பாகவத'த்தைத் தானே படிக்க வேண்டும் என்று தீராத ஆசை. ஒருநாள் கணவர் அந்தச் சுவடியை வெளியே வைத்தபோது அதிலிருந்து ஓர் ஏட்டை உருவி அடுக்களையில் ஒளித்துவைத்தார். மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். சின்ன வயதில் பிறந்த வீட்டுத் திண்ணையில் பையன்கள் படித்ததைக் கேட்டுக்கொண்டிருந்த ஞாபகம், இந்த ஏடு, அந்த ஓலை மூன்றையும் ஒத்துப் பார்த்து எழுத்துக் கூட்டினார். இடது கையில் ஏடு, வலது கை சமையலில், முக்காட்டுக்குள்ளிருந்து அவ்வப்போது ஒரு பார்வை. அடுப்பு மேடையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு நான் வெங்காயம் வதக்குகிறேனே, அதைச் சாதனையாக நினைத்துக்கொள்வதை அன்றோடு விட்டேன்.

அந்தப் புத்தகத்தில் குதிரை ஒன்று வரும். பெயர் ஜெயஹரி. பிள்ளையை அதன்மேல் உட்காரவைத்து, அவர் பார்க்கட்டும் என்று முற்றத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அது கணவருடைய குதிரையாயிற்றே, அதன் முன்னால் எப்படிப் போய் நிற்பது என்று இவருக்கு வெட்கம், உள்ளேயே நின்றுவிடுகிறார். முதலில் வாய்விட்டுச் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய்விட்டது. இன்னோர் இடத்தில், எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தன் தட்டில் கை வைக்கப் போகும்போது விருந்தாளி வந்து நிற்பதும், மறுபடி உட்காரும்போது குழந்தை எழுந்து அழுவதுமாக, சாப்பிடாமலே அவருக்கு நேரம் போய்க்கொண்டிருக்கும். அதையும் புலம்பலாக இல்லாமல் நடந்தது நடந்தபடி சொல்லிக்கொண்டு போகிறார். படிப்பதை ஒளிந்து செய்யலாம், எழுதுவதற்குத் தாள் வேண்டும், மை வேண்டும், உட்கார இடம் வேண்டும் என்பது, வெகுநாள் எழுதப் பழகாததற்கு அவர் சொல்கிற காரணம். வெளியூரில் படித்த மகன், அம்மா ஏன் கடிதம் எழுதுவதில்லை என்று கேட்டுத் தாளும் பேனாவும் கொடுத்த பிறகுதான் எழுதப் பழகினார்.

இதோடு சேர்த்து அடுத்தடுத்துப் படிக்க வேண்டியது பேபி ஹால்தாரின் புத்தகம். அவரும் வங்காளப் பெண்தான், 1973இல் பிறந்தவர். அவருக்கும் 12 வயதில்தான் கல்யாணம், ராஸசுந்தரிக்கு நூற்றைம்பது வருடங்களுக்கும் மேல் கழித்து! கணவரின் அடி உதை தாங்காமல் மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி தில்லிப் பக்கம் வந்து வீட்டு வேலை செய்து பிழைத்தவர். குர்கானில் அவர் வேலை பார்த்தது பிரேம்சந்தின் பேரன் பிரபோத் குமார் வீட்டில். புத்தக அலமாரியைத் துடைக்கும்போதெல்லாம் இந்தப் பெண்ணின் கை தயங்குவதை அவர் கவனித்தார். தஸ்லிமா நஸ்ரினின் பால்ய கால நினைவுகளைப் படிக்கக் கொடுத்தார். பிறகு ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து உன் கதையை எழுது என்றார். பேபி வங்காளத்தில் எழுதியதைப் பிரபோத் குமாரே இந்தியில் மொழிபெயர்க்க, 2002இல் 'ஆலோ ஆந்தாரி' வெளிவந்தது. ஊர்வசி புட்டாலியாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2006இல்.

பேபி எழுதுவதில் ஒரு விஷயத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சில இடங்களில் 'நான்' நழுவி, 'பேபி' என்று யாரோ ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல் ஆகிவிடும். இலக்கண சுத்தமாகத் திருத்தாமல் அப்படியே விட்டது நல்லதாயிற்று. இந்தப் புத்தகத்தில் என் கேள்விக்கு பதில் நேராகவே இருக்கிறது. சமைத்தவரே எழுதியிருக்கிறார். ஆனால் சமையலறை அவருடையதில்லை. எங்கள் தெருவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்காவிடம் 'நேத்து ஏன் வரல' என்று நான் கேட்கிற தொனி, இதைப் படித்த வாரத்தில் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது.

பாமாவின் 'கருக்கு' கல்லூரியில் பாடமாக இருந்தபோது பரீட்சைக்காகப் படித்தது. 1992இல் வந்த புத்தகம். பாடமாகப் படித்தவர்கள் எல்லோரும் திரும்ப ஒரு தடவை படிக்க வேண்டும் என்பேன். பள்ளிக்கூடம் விட்டுக் கடைத்தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வருகிற சிறுமி, பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் சரட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் நீட்டுவதைப் பார்க்கிறாள். சிரிப்பு தாங்காமல் அண்ணனிடம் வந்து சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை, ஏன் அப்படி என்று விளக்குகிறான். மாணவியாக இருந்தபோது இதைச் 'சாதிக் கொடுமை' என்ற தலைப்பின்கீழ் எழுதி மார்க் வாங்கினேன். இப்போது பக்கத்தில் என் பெண் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருக்க, அந்த அண்ணன் இடத்தில் நான் இருந்தால் எந்த வார்த்தையில் சொல்லியிருப்பேன் என்று யோசிக்க வேண்டியதாகிவிட்டது.

வட்டார வழக்கில் இருக்கும் புத்தகத்தைக் கண்ணால் மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும். இதை எனக்குக் காட்டியது 'கவலை'. எழுத்தாளர் பொன்னீலனின் தாயார் அழகியநாயகி அம்மாள் எழுதியது; பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1998இல் வெளியிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சு. நான் மதுரைக்காரி, தடுக்கித் தடுக்கிப் படித்துக்கொண்டிருந்தேன். மாமியாருக்குப் பிறந்த ஊர் நாகர்கோவில் பக்கம். ஒரு மத்தியானம் அவர் முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது, "அத்தை, இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டு ஒரு பாராவை உரக்கப் படித்தேன்.

"மெதுவா வாசி பிள்ள. இது எங்க ஊருப் பேச்சுல்லா" என்றார். அர்த்தத்தைச் சொன்னவர், "எங்க அம்மையும் இப்பிடித்தான் சொல்லுவா. நீ வாசி, நீ வாசி" என்று கீரையை ஓரமாகத் தள்ளி வைத்தார். அதற்கப்புறம் மத்தியான வேளையில் நான் வாசிக்க அவர் கேட்பது வழக்கமாகிவிட்டது. நான் நீட்டிப் படிக்க வேண்டியதைக் குறுக்கினால் திருத்துவார். நடுநடுவே, "பொய் எழுதல இவ. பொய் எழுதுறவளா இருந்தா இந்தச் சண்டைய மறச்சிருப்பா" என்பது மாதிரி விமர்சனமும் வரும். இலக்கியக் கூட்டங்களில் இவ்வளவு சுருக்கமாக யாரும் பேசிக் கேட்டதில்லை. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், டிவி ஓடாத ஒரு அரைமணி நேரம் உரக்கப் படித்துப் பாருங்கள். பழைய கணக்குகள் சில வெளியே வரும். அதற்கும் தயாராக இருந்துகொள்ள வேண்டும்.

பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க 'டோட்டோ-சான்'. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் மலிவு விலையில் போட்டிருக்கிறது. ரயில் பெட்டியில் வகுப்பு நடத்திய டோமோயி பள்ளியையும், முதல் நாளே டோட்டோ-சான் என்ற சிறுமி பேசியதை நாலு மணி நேரம் உட்கார்ந்து கேட்ட தலைமையாசிரியர் கோபயாஷியையும் பற்றி எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல வருவது சாப்பாட்டு டப்பா. பிள்ளைகள் 'கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம்' கொண்டுவர வேண்டும் என்பதுதான் அங்கே விதி. தினமும் டப்பா கட்டுகிற தாய்க்கு இதைவிட எளிதான விதி உண்டா? எவர் டப்பாவிலாவது ஒன்று குறைந்தால், தலைமையாசிரியரின் மனைவி இரண்டு பாத்திரங்களோடு கூடவே வந்து, குறைந்ததை எடுத்துப் போடுவார். இன்னொன்று, டோட்டோ-சானை முந்தைய பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்ற விஷயத்தை அவளுடைய அம்மா அவளுக்கு 20 வயது தாண்டும் வரை சொல்லவே இல்லை. 1981இல் இந்தப் புத்தகம் ஜப்பானில் வந்தபோது எல்லோரும் பள்ளியைக் கொண்டாடினார்கள். எனக்கு அந்த அம்மாவின் வாயடக்கம்தான் பெரிதாகத் தெரிகிறது. பேரன்ட்ஸ் மீட்டிங் முடிந்து வாசல் இறங்குவதற்குள் பிள்ளையிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிற கூட்டத்தில் நிற்பவள்தானே நான்!

இனிச் சில சில்லறை விஷயங்கள். முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். பல முன்னுரைகள் கதையையும் சொல்லி, நாம் என்ன நினைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகின்றன. பிடிக்காத புத்தகத்தை முடித்தே ஆக வேண்டும் என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் படித்ததிலிருந்து ஒரு வரி குறித்துவைப்பேன். கருத்து எழுதுவதில்லை, பொருளை மட்டும்தான்: 'ஜெயஹரி, முற்றம்', 'சரட்டில் பொட்டலம்'. அதைப் பார்த்தாலே முழுப் பக்கமும் திரும்ப வந்துவிடும். கிளை நூலகத்தில் இல்லாத புத்தகத்தை மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள், எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்; கேட்கிறவர்கள் குறைவு என்பதால் நூலகர்கள் நம் முகத்தை மறப்பதில்லை.

இப்போது கையில் இருப்பது புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள், 'கண்மணி கமலாவுக்கு'. அவர் சென்னையில், கமலா பிறந்த ஊரான திருவனந்தபுரத்தில். கதைகளில் யாரையும் விட்டுவைக்காத அந்த மனுஷர் இதில் கொஞ்சுகிறார், சமாதானம் சொல்கிறார், பணம் அனுப்பிவிடுவதாகத் தவணை சொல்கிறார். கடிதத்துக்குக் கடிதம் நான் மறுமுனைக்குத்தான் காது கொடுக்கிறேன். அவர் இப்படிப் பதில் சொல்ல, கமலா என்ன எழுதிக் கேட்டிருப்பார்? கையில் பணமில்லாத அந்த மாதத்தை எப்படி ஓட்டினார்? கமலா விருத்தாசலம் தானும் கதை எழுதியவர்; 'காசுமாலை' என்று அவருடைய தொகுதி ஒன்று உண்டு. எங்கள் நூலகத்தில் அது இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவர்கள் தேடி எடுப்பதற்குள் உங்களில் யாரிடமாவது பிரதி இருந்தால், இரவல் கொடுங்கள். அட்டை போட்டுத் திருப்பித் தருவேன்.