புதியவருக்குப் பழைய பெயர்

கேள்வி: ரொறன்ரோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியின் ஸ்காட்டி பார்ன்ஸ் இன்னாரைப் போல ஆடுகிறார், இல்லை அவரைப் போல என்று வீட்டில் பிள்ளைகள் ஓயாமல் வாதாடுகிறார்கள். இளம் ஆட்டக்காரரைப் பழைய நட்சத்திரத்தோடு ஒப்பிடும் வழக்கம் எங்கிருந்து வந்தது? ரொறன்ரோவில் அது பலித்ததுண்டா?
– ஸ்காபரோ வாசகர்

பதில்: எல்லாம் 'டிராஃப்ட்' பார்த்த வேலைதான். 1947 முதல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அணிகள் ஆண்டுதோறும் புதிய ஆட்டக்காரர்களை முறை வைத்துத் தெரிவு செய்கின்றன. ரசிகர் பார்த்தேயிராத ஓர் இளைஞனைப் பற்றி ஒரே வரியில் சொல்ல வேண்டுமானால், தெரிந்த பெயர் ஒன்று வேண்டுமல்லவா? மைக்கேல் ஜோர்டன் காலத்தில் இது தொற்றுநோயாகவே ஆனது. 1992இல் வந்த ஹெரல்ட் மைனருக்கு 'பேபி ஜோர்டன்' என்றே பெயர். அவர் நான்கே பருவங்களில் காணாமற் போனார்.

இந்த ஊரில் முதலில் அகப்பட்டவர் வின்ஸ் கார்ட்டர். ஜோர்டன் படித்த வட கரோலினாப் பல்கலைக்கழகத்திலிருந்து 1998இல் வந்தார், உயரப் பாய்ந்தார். போதாதா? 22 பருவங்கள் ஆடியும் அவருக்கு ஒரு கிண்ணமும் கிடைக்கவில்லை. ஆனாலும் இங்கே ஒரு தலைமுறையையே கூடைப்பந்துப் பக்கம் இழுத்தவர் அவர்தான்.

பாடம் என்றால் அது அந்திரேயா பர்ஞானியின் கதை. 2006இல் ராப்டர்ஸ் முதலாவது தெரிவாக எடுத்த இத்தாலியர். ஐரோப்பாவிலிருந்து நேரே வந்து முதலிடத்தில் தெரிவான முதல் ஆள். ஏழடி உயரம், முன்கள ஆட்டக்காரர், தூரத்திலிருந்தும் குறி தப்பாமல் எறிவார். ஜெர்மனியின் டிர்க் நோவிட்ஸ்கியும் ஏழடி, அவரும் ஐரோப்பியர், அவரும் தூரத்திலிருந்து எறிபவர். ஒப்பீட்டுக்கு வேறென்ன வேண்டும்!

ஒப்பிட்டவர்கள் கையைப் பார்த்தார்கள், காலைப் பார்க்கவில்லை. நோவிட்ஸ்கி ஒரு முழங்காலை உயர்த்தி, மற்றக் காலால் எழும்பி, பின்னால் சாய்ந்தபடி தலைக்கு மேலிருந்து பந்தை விடுவார். எதிராளியின் கை அங்கே எட்டாது. அந்தச் சமநிலை ஏழடி உடலுக்குப் பிறவியில் வருவதல்ல. ஹோல்கர் கெஷ்விண்ட்னர் என்ற பயிற்சியாளரோடு ஆண்டுக்கணக்காகப் பழகியது. பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும்போது முண்டியடித்துப் பிடிப்பதிலும் அவர் பின்னிற்கவில்லை. நல்ல பருவங்களில் ஆட்டத்துக்கு ஒன்பதுக்கு மேல் பிடித்தார். பர்ஞானி தன் மிகச் சிறந்த பருவமான 2010–11இல் சராசரி 21.4 புள்ளிகள் எடுத்தும், பிடித்த பந்து ஐந்துதான். ராப்டர்ஸ் அந்தப் பருவத்தில் வென்றது வெறும் 22 ஆட்டங்கள். அதே 2011இல் நோவிட்ஸ்கி கிண்ணத்தைத் தூக்கினார். 2013இல் பர்ஞானியை நியூயோர்க்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதற்கு நேரெதிர் பஸ்கல் சியாகம். 2016இல் 27ஆவது தெரிவு. யாருடைய பெயரையும் அவர் தலையில் கட்ட எவரும் மெனக்கெடவில்லை. 2019 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் 32 புள்ளிகள் எடுத்தார். கிண்ணம் இங்கே வந்தது.

பார்ன்ஸ் 2021இல் நான்காவது தெரிவு, மறு ஆண்டு சிறந்த புதுமுக விருது, 2024இல் ஓல் ஸ்டார். ஆக, ரொறன்ரோவில் ஒப்பீடு பலித்ததா என்றால், என் கணக்கில் இல்லை. பிள்ளைகள் அடுத்த முறை பெயர்களை அடுக்கினால், திரும்பிய பந்தில் எத்தனையைப் பிடித்தார் என்று கேட்டுப் பாருங்கள்.