மரத்தடிக்கு அனுப்பாதீர்கள்

பி.பி.எட். முடித்து இப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

உங்கள் பீரியடுக்கு மணி அடித்ததும் வகுப்பே கிரவுண்டுக்கு ஓடும். இரண்டு மூன்று பிள்ளைகள் மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் காவல் காப்பார்கள். கால் ஊனமானவன், கண் பார்வை மங்கியவள், “வீசிங் இருக்கு சார்” என்று ஒதுங்குகிறவன். யாரும் அவர்களை விரட்டவில்லை. பழக்கம் அப்படி ஆகிவிட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறது. படிப்போடு விளையாட்டு வாய்ப்பும் மற்றவர்களுக்குச் சமமாக இவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. அதை நடத்திக் காட்ட மைதானத்தில் உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை. என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. முதல் வாரம் விசாரிப்பதற்கு. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரையும், அங்கு வரும் பிசியோதெரபிஸ்ட்டையும் பாருங்கள். அம்மாவிடம் பேசுங்கள். அதன்பின் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, “உனக்கு என்ன விளையாடப் பிடிக்கும்? எது செய்தால் வலிக்கும்?” என்று கேளுங்கள். இறைவணக்கக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத நோய்கள்தான் அதிகம்: ஆஸ்துமா, வலிப்பு, இருதயக் கோளாறு, சர்க்கரை. பெண் பிள்ளைக்கு ஃபிட்ஸ் இருப்பதை வீட்டில் மறைப்பார்கள். நாளைக்குக் கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம். உங்களிடம் சொன்னது ஸ்டாஃப் ரூமுக்குப் போகாது என்று அந்தத் தாய்க்கு நம்பிக்கை வந்தால்தான் உண்மை வெளியே வரும்.

2. “விளையாடக் கூடாது” என்று டாக்டர் எழுதிய ஒற்றை வரிச் சீட்டோடு நிறைய பிள்ளைகள் வருவார்கள். அதை வாங்கி ஃபைலில் போட்டுவிட்டு உட்கார வைப்பது சுலபம். செய்யாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் நடை, ஓட்டம், தாண்டுதல், உருளுதல், பந்து எறிதல், நீச்சல், யோகாசனம் என்று வரிசையாக எழுதி, எதெது செய்யலாம் என்று டிக் போட்டுத் தரச் சொல்லி அனுப்புங்கள். இப்படி யாரும் கேட்காததால்தான் டாக்டர் மொத்தமாக மறுத்துவிடுகிறார். ஹீமோஃபீலியா உள்ள பையனுக்குக் கபடி ஆகாது. அடிபட்டால் மூட்டுக்குள் ரத்தம் கசியும். ஆனால் நீந்தலாம், நடக்கலாம்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அவர்களில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிடிப்பு தளர்ந்திருக்கும். டாக்டர் பரிசோதித்துச் சரி என்று சொல்லும்வரை முன்னுருளல், சிரசாசனம், உயரம் தாண்டுதல், தலைகீழாகத் தண்ணீரில் குதித்தல் எதுவும் கூடாது. யோகா தினத்துக்கு வரிசையில் நிறுத்தும்போதும் இது நினைவில் இருக்கட்டும்.

3. பிள்ளைக்குத் தக்கபடி ஆட்டத்தை மாற்றுங்கள். மாற்றுவதற்கு நான்கு இருக்கின்றன: இடம், விதி, கருவி, கூட ஆடும் ஆள். நான்கையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை.

உட்கார்ந்து ஆடும் வாலிபாலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடுகளம் 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். வலையின் மேல் விளிம்பு ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர். பந்தை அடிக்கும்போது உடம்பு தரையை விட்டு எழும்பக் கூடாது. முழு வகுப்பையும் உட்கார வைத்து ஆடச் சொல்லிப் பாருங்கள். வாலிபால் டீமில் இருக்கும் பையன் கையை எங்கே ஊன்றுவது, எப்படி நகர்வது என்று தெரியாமல் திணறுவான். வீட்டில் தினமும் கை ஊன்றித் தரையில் நகர்ந்தே பழகிய பிள்ளை சரசரவென்று போய்ப் பந்தை எடுத்துவிடும். அன்றிலிருந்து அந்தப் பிள்ளையை டீமுக்குக் கேட்டு வாங்குவார்கள்.

பார்வையற்றவர்களுக்கான கோல்பால், இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக 1946இல் உருவானது. பக்கத்துக்கு மூன்று பேர், எல்லாருக்கும் கண்கட்டு, உள்ளே மணி வைத்த பந்து. மணிப் பந்து வாங்கப் பள்ளியில் காசு இல்லையென்றால், பந்தை பிளாஸ்டிக் கேரி பேக்கில் போட்டு முடிச்சுப் போடுங்கள். உருளும்போது சரசரக்கும். தரையில் சணல் கயிற்றை நீட்டி அதன்மேல் டேப் ஒட்டினால் கோடு காலுக்குத் தெரியும். ஆட்டம் நடக்கும்போது பார்க்கிறவர்கள் வாய் திறக்கக் கூடாது. அதை மற்ற பிள்ளைகளுக்கு முதலிலேயே பழக்கிவிடுங்கள்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குப் பந்து வேகமாக வந்தால் பிடிக்க முடியாது. பலூனில் தொடங்குங்கள். மெதுவாக மிதந்து வருவதால் கை போய்ச் சேர நேரம் கிடைக்கும்.

4. ஸ்கோர் எழுதுவதும் விசில் ஊதுவதும் விளையாடிய கணக்கில் சேராது. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கும் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடல் உழைப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொல்லியிருக்கிறது. மூச்சு வாங்க வேண்டும், வியர்க்க வேண்டும்.

5. தசைச்சிதைவு நோய் உள்ள பையனிடம் “இன்னும் ஒரு ரவுண்டு” என்று சொல்லாதீர்கள். மற்றவர்களுக்குத் தசையை வளர்க்கும் கடும்பயிற்சி அவனுக்குத் தசையை அழிக்கும். களைப்பு என்று அவன் சொன்ன கணத்தில் நிறுத்துங்கள்; சொல்லக் கூச்சப்படுவான், நீங்களே முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

6. மைதானத்தில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் யாராவது சாவிக்கொத்தைக் கையில் திணிக்க ஓடி வருவார்கள். விடாதீர்கள். இரும்பால் வலிப்பு நிற்காது. கையில் காயம்தான் மிஞ்சும். பக்கத்தில் கல், கம்பம் இருந்தால் அகற்றி, தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கைகாலைப் பிடித்து அழுத்தாதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் 108. தெளிந்தபிறகு கொஞ்ச நேரம் குழம்பிப்போய் இருக்கும், கூடவே உட்காருங்கள். மருந்து ஒழுங்காகச் சாப்பிடும் பிள்ளை பெரும்பாலான ஆட்டங்களை ஆடலாம். உயரத்தில் ஏறுவதும் தனியாக நீந்துவதும் மட்டும் கூடாது.

சர்க்கரைக்கு இன்சுலின் போடும் பிள்ளை ஆட்டத்தின் நடுவே கை நடுங்கி, வியர்த்து, சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று எண்ணுங்கள். 70க்குக் கீழே போனால் ஆபத்து தொடங்குகிறது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

ஆஸ்துமா பிள்ளையின் இன்ஹேலர் அதன் பாக்கெட்டில் இருக்க வேண்டும். ஹெச்.எம். அறை பீரோவில் பூட்டி வைத்தால் யாருக்குப் பயன்? எடுத்த எடுப்பில் ஓட விடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக உடம்பைச் சூடேற்றுங்கள்.

7. காது கேளாத பிள்ளைக்குக் கொடியைக் காட்டித் தொடங்குங்கள். பேசும்போது சூரியனுக்கு எதிரே முகம் காட்டி நில்லுங்கள். உங்கள் உதடு அதற்குத் தெரிய வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளை விசில் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டால் அந்த வகுப்பில் விசிலை விட்டுவிட்டுக் கையை உயர்த்துங்கள்.

8. தண்ணீரையும் கழிப்பறையையும் பற்றி உடற்கல்விப் புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. வீல்சேர் நுழையும் கழிப்பறை இல்லாத பள்ளியில், அந்தப் பெண் பிள்ளை காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும். அதே பிள்ளையை ஏப்ரல் வெயிலில் ஆடச் சொன்னால் என்ன ஆகும்? நீலகிரிப் பழங்குடிப் பிள்ளைகளிடையே அரிவாள் செல் சோகை இருக்கிறது. உடம்பில் நீர் வற்றினாலும் குளிர் தாக்கினாலும் எலும்பைப் பிடுங்கும் வலி வந்துவிடும். கழிப்பறைக்காக ஹெச்.எம்.மிடம் சண்டை போடுவதும் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுந்து பேசுவதும் உங்கள் வேலையில் சேர்ந்ததுதான்.

கால் மரத்துப்போன பிள்ளைக்குச் சூடு தெரியாது. வெயிலில் கிடந்த வீல்சேரின் இரும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார வையுங்கள்.

9. இரண்டு கேப்டன்களை நிறுத்தி ஆள் பொறுக்கச் சொல்லாதீர்கள். கடைசியில் மிஞ்சுவது யார் என்று எல்லாருக்கும் தெரியும். அணியை நீங்களே பிரியுங்கள்.

10. பதக்கத்துக்காக இதையெல்லாம் செய்யவில்லை. ஆனாலும் திறமை கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்தது. வாலிபாலில் ஆசையாக இருந்தவரை உயரம் தாண்டச் சொன்னவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்தான். 2016 ரியோ பாராலிம்பிக்ஸில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். 2024 பாரிஸ் பாட்மிண்டனில் துளசிமதி வெள்ளியும், மனிஷாவும் நித்யஸ்ரீயும் வெண்கலமும் வாங்கினார்கள். முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது; கடைசித் தேதிக்கு முன்னால் பெயரைப் பதிவு செய்யுங்கள், அடையாள அட்டை இல்லாத பிள்ளைக்கு இப்போதே விண்ணப்பிக்க வையுங்கள்.

11. அரைப் பரீட்சை நெருங்கும்போது கணக்கு டீச்சர் வந்து உங்கள் பீரியடைக் கேட்பார். மற்ற பிள்ளைகள் சாயங்காலம் தெருவில் ஆடிக்கொள்வார்கள். மரத்தடியிலிருந்து நீங்கள் எழுப்பிய பிள்ளைக்கு வாரத்தில் அந்த இரண்டு பீரியடுதான். மரியாதையாக, கொடுக்க முடியாது என்று சொல்லிவிடுங்கள்.