நிலத்தடியில் எரிவாயுக் குழாய்: வணிகர் அறிய வேண்டிய சட்டம்

கடை வருமானத்தில் மிச்சம் பிடித்துச் சாலையோரம் நாலைந்து சென்ட் வாங்கிப் போடுவது நம் வணிகர்களின் வழக்கம். பின்னால் குடோன் கட்டலாம் என்பது கணக்கு. அந்த மனைக்கு அடியில் எரிவாயுக் குழாய் வந்தால் கணக்கு என்னாகும்? கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பகுதி வணிகப் பெருமக்கள் இச்சட்டத்தை அறிந்து வைத்திருப்பது நல்லது.

இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவமாகி, சுமார் 600-ல் ஒரு பங்காகச் சுருங்கும். கப்பலில் அப்படி வருவதை இறக்கி மீண்டும் வாயுவாக்கும் முனையம் எண்ணூரில் 2019-ல் திறக்கப்பட்டது. அங்கிருந்து நெடுந்தூரம் குழாய் போட, முதலில் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். அடுத்து நிலம். அதற்கு 1962-ஆம் ஆண்டு பெட்ரோலியம், கனிமக் குழாய்கள் சட்டம் இருக்கிறது. இதன்படி பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். குழாய் பதிக்கும் பயன்பாட்டு உரிமை மட்டும் கைமாறும்.

1. மத்திய அரசிதழில் அறிவிக்கை வெளியாகும். ஆட்சேபணையை 21 நாட்களுக்குள் தகுதிவாய்ந்த அதிகாரியிடம் எழுத்து மூலம் தர வேண்டும்.

2. அறிவிக்கைக்கு முன்பே உள்ள வீடு, நிலையான கட்டடம் ஆகியவற்றின் அடியில் பதிக்கக் கூடாது. காலி மனைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

3. பதித்த பின் பயிர் செய்யலாம். கட்டடம், கிணறு, குளம், மரம் கூடாது.

4. சேதத்துக்கு இழப்பீடு உண்டு. அத்துடன் அந்நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம் கிடைக்கும். மதிப்பு 5 லட்சம் என்றால் 50 ஆயிரம். போதாதென்றால் மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம்.

கல்வராயன் மலைக்கு மேற்கே நடந்ததைப் பாருங்கள். கொச்சியிலிருந்து பெங்களூருக்கு கெயில் நிறுவனம் திட்டமிட்ட குழாயைச் சேலம் உள்ளிட்ட 7 மாவட்ட விவசாயிகள் எதிர்த்தனர். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு செல்லும்படி 2013-ல் மாநில அரசு உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மாநில அரசே தடுக்க முடியாததைத் தனி வணிகர் பின்னால் தடுப்பது கடினம். ஆகவே அந்த 21 நாட்களே முக்கியம்.

மனை வாங்குமுன் வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாதீர்கள். குழாய் அறிவிக்கை உண்டா என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் சர்வே எண்ணைச் சொல்லி விசாரியுங்கள். கட்டடம் இருந்தால் வீட்டு வரி ரசீது, மின் இணைப்புக் கட்டண ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். கட்டடம் முன்பே இருந்தது என்பதற்கு அவையே சாட்சி.