காவிரிப் பங்கீட்டை வட்டத்தில் வரைய லேடெக்கில் எந்த வழி?

காவிரியைப் பற்றி ஆய்வேடு எழுதும் தஞ்சாவூர்ப் பிள்ளைகள் ஏதாவது ஓர் அத்தியாயத்தில் வட்ட விளக்கப்படம் ஒன்றை வைக்காமல் விடமாட்டார்கள். 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்குதான் அதில் இருக்கும். மொத்தம் 740 டிஎம்சி. அதில் தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. சுற்றுச்சூழலுக்கு 10, கடலில் கலந்தே தீரும் நீர் 4 என மிச்சம் 14 ஒரே துண்டு.

இதை லேடெக்கில் வரைய நாலு வழி உண்டு. எந்தப் படம் அழகு என்று பார்த்துத்தான் பலரும் தேர்வு செய்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஆக மெல்லிய துண்டை. இங்கே அது புதுச்சேரி. சரியாகச் சொன்னால் நம் பக்கத்து வீட்டுக் காரைக்கால். 360 பாகையில் அதற்கு வருவது வெறும் 3.4 பாகை. அதற்குள் பெயரையும் எண்ணையும் எப்படி வைப்பது?

அதற்கும் முன்னால் எழுத்துச் சிக்கல் ஒன்று இருக்கிறது. பிடிஎஃப்லேடெக்கில் யூனிகோடு தமிழை அப்படியே தட்டினால் பிழைச் செய்திதான் வரும். ஸீலேடெக்குக்கு மாறுங்கள், ஓவர்லீஃப் அமைப்புகளில் கம்பைலரை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். எழுத்துருவைக் குறிப்பிடும்போது ‘ஸ்கிரிப்ட்’ தமிழ் என்று சேர்க்க மறக்கக் கூடாது. மறந்தால் ‘கேரளம்’ என்பதில் இரட்டைக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். லுவாலேடெக் என்றால் ஹார்ஃப்பஸ்ஸையும் கேட்டு வாங்க வேண்டும்.

இனி வழிகள். ஒரே ஒரு படம், நாளைக்கே கொடுக்க வேண்டும் என்றால் பிஜிஎஃப்-பை என்ற தொகுப்பு போதும். ஒரே வரியில் எண்ணும் பெயரும் கொடுத்தால் வட்டம் தயார். ஆனால் அது கூட்டுத்தொகை 100 என்று எடுத்துக்கொள்ளும். டிஎம்சியை நேரே கொடுப்பவர்கள் ‘சம்’ என்ற இடத்தில் ‘ஆட்டோ’ என்று போட வேண்டும். புதுச்சேரியின் 7-உம் மிச்சத்தின் 14-உம் அடுத்தடுத்து வந்தால் எண்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, கர்நாடகம், மிச்சம் என்று வரிசையை மாற்றிப் பெயர்களை ஓரத்துக் குறிவிளக்கத்துக்குத் தள்ளிவிட்டால் படம் மூச்சு விடும்.

குறுவை, சம்பா, தாளடிப் பரப்பை ஆண்டுவாரியாகப் பத்துப் படம் போடுகிறவருக்கு இது சரிப்படாது. எண்கள் எக்செலில் இருக்கும். வழிகாட்டி அடிக்கடி திருத்தச் சொல்வார். இப்படிப்பட்டவர்கள் டேட்டாடூலோடு வரும் டேட்டாபையைப் பழகிக்கொள்ளலாம். சிஎஸ்வி கோப்பைத் திருத்தினால் படமும் திருந்தும், சதவீதத்தையும் அதுவே கணக்கிடும். வெளிப்பெயர்களைத் துண்டின் திசையிலேயே சாய்த்து எழுதவும் வழி உண்டு. காரைக்காலுக்கு அது கைகொடுக்கும். கட்டளைகள்தாம் கொஞ்சம் வாய் நீளம்.

வெறும் டிக்ஸில் நீங்களே வரைவது மூன்றாவது வழி. 404.25-ஐ 360-ஆல் பெருக்கி 740-ஆல் வகுத்தால் 196.66 பாகை, இப்படி ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட வேண்டும். பதிலுக்குக் காரைக்கால் துண்டிலிருந்து கோடு இழுத்து, வேண்டிய இடத்தில் பெயர் எழுதலாம். நிறத்துக்குப் பதில் கோடும் புள்ளியும் நிரப்பலாம். ஆய்வேட்டுப் பிரதிகள் கடைசியில் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸாகத்தான் கைமாறும். அங்கே பச்சையும் நீலமும் ஒரே சாம்பல். புத்தகமாக வரப்போகிற படத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

நாலாவதாக, லிப்ரெஆஃபீஸ் கால்க்கிலோ எக்செலிலோ வரைந்து ஒட்டுவதும் குற்றமில்லை. திரையைப் படம் பிடித்து ஒட்டாமல் பிடிஎஃபாகச் சேமித்துச் சேர்த்துவிடுங்கள்.

காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பையும் 2018 தீர்ப்பையும் ஒப்பிட இரண்டு வட்டம் வரைய வேண்டாம். தமிழ்நாட்டின் பங்கு 419-லிருந்து 404.25 ஆனது வட்டத்தில் வெறும் 7 பாகை. கண் அதைப் பிடிக்காது. அதற்குப் பிஜிஎஃப்பிளாட்ஸில் பட்டை வரைபடம் போடுங்கள். செங்குத்து அச்சைப் பூஜ்யத்தில் தொடங்கச் சொல்லி நீங்களே எழுதிவிடுங்கள். 400-இல் தொடங்கினால் முக்கால்வாசித் தண்ணீரும் பறிபோனது போலத் தெரியும்.